பாலே பார்க்கத் தனியாகப் போகலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது, சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். சின்ன வயதில் சில வருடம் பரதம் கற்றேன். பாலேயை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வீட்டுக்காரருக்கு இதில் ஈடுபாடு கிடையாது. தோழிகள் "போகலாம், போகலாம்" என்றே வருடத்தை ஓட்டுகிறார்கள். தனியாகப் போனால் ஒரு மாதிரி இருக்குமா? முதலில் எதைப் பார்ப்பது, எங்கே உட்காருவது, என்ன உடுத்துவது? ஒன்றுமே புரியாமல் திரும்பி வந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

தாராளமாகப் போங்கள். முதல் பாலேயைத் தனியாகப் பார்ப்பதே நல்லது என்பது என் கட்சி. உங்களுக்காக மனமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தால், உங்கள் பாதிக் கவனம் மேடையில் இருக்காது. அவர் கொட்டாவி விடுகிறாரா, மணி பார்க்கிறாரா என்பதிலேயே போய்விடும். ஆண் கலைஞர்கள் அணியும் இறுக்கமான காலுடையைப் பற்றி உங்கள் காதில் கட்டாயம் ஒரு கிண்டல் விழும். இடைவேளையில் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற கேள்வி வரும். தனியாகப் போனால் இதெல்லாம் இல்லை. பிடித்தால் பிடித்தது, பிடிக்காவிட்டால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

யாராவது ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களா என்றால், எஸ்பிளனேட் கலை அரங்கில் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்ட பாலே மாணவிகள், பணி ஓய்வு பெற்றவர்கள், அலுவலகத்திலிருந்து பையோடு நேரே வந்தவர்கள் என்று பல தரப்பினர் வருவார்கள். அதில் தனியாக வருபவர்களும் இருப்பார்கள். நம் சமூகத்தில் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ தனியாகப் போனால் "என்ன, வீட்டுக்காரர் வரலியா?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த கூச்சம் இது. அங்கே அப்படிக் கேட்க ஆள் இல்லை. 1,900க்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ள அரங்கம் அது, விளக்கை அணைத்துவிட்டால் எல்லோரும் தனியாள்தான்.

தனியாகப் போவதில் ஒரு லாபமும் உண்டு. இருவராக வருபவர்கள் சேர்ந்தாற்போல் இரண்டு இடம் தேடுவார்கள், குடும்பமாக வருபவர்கள் நாலு இடம் தேடுவார்கள். அதனால் நல்ல வரிசைகளின் நடுவில் ஒற்றை இருக்கை ஒன்று மிஞ்சி நிற்பது சகஜம். நுழைவுச்சீட்டு விற்கும் சிஸ்டிக் தளத்தில் இருக்கை வரைபடத்தைத் திறந்து அந்த ஒற்றை இடத்தைத் தேடுங்கள். தாமதமாக வாங்கப் போனாலும் சில சமயம் அப்படி ஒன்று கிடைக்கும்.

எந்த இருக்கை என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பரத அரங்கேற்றம் பார்த்துப் பழகியவர்கள் முன்வரிசைக்கு ஓடுவார்கள், முகபாவம் தெரிய வேண்டும் என்று. பாலேக்கு அது தலைகீழ். மிக முன்னால் உட்கார்ந்தால் மேடை விளிம்பு பாதங்களை மறைத்துவிடும், பின்னால் ஆடும் கூட்டம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தெரியும். இருபது, இருபத்துநாலு பெண்கள் வரிசை வரிசையாக நகர்ந்து, பிரிந்து, குறுக்கே வெட்டிப் போகும் கோலத்தை மேலிருந்து பார்த்தால்தான் கோலமாகத் தெரியும். என்னைக் கேட்டால் முதல் மாடத்தின் முன்வரிசை, நடுப்பகுதி. அது விலை அதிகம் என்றால் இரண்டாம் மாடத்தின் நடுப்பகுதி. கீழ்த்தளம்தான் வேண்டும் என்றால் பாதிக்குப் பின்னால் உட்காருங்கள். ஓரத்து இருக்கைகள் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மேடையின் ஒரு மூலை உங்களுக்குத் தெரியாமலே போகும், கதையில் முக்கியமான ஆள் அந்த மூலையிலிருந்துதான் வருவார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகள் என்றால் கலை நிகழ்ச்சிகளுக்காக அரசு தந்த எஸ்ஜி கல்ச்சர் பாஸ் 100 வெள்ளி உங்கள் கணக்கில் இருக்கும். அதை 2028 இறுதி வரை உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தலாம். நீங்கள் பார்க்க நினைக்கும் நிகழ்ச்சி அதில் சேருமா என்பதை வாங்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் அதைத் தொடாமலே வைத்திருக்கிறார்கள்.

இனி எதைப் பார்ப்பது. இங்கே முழுநேர பாலே குழு என்றால் சிங்கப்பூர் பாலே. 1988இல் கோ சூ கிம், ஆண்டனி தென் இருவரும் சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர் என்ற பெயரில் தொடங்கியது, 2021 இறுதியில்தான் இன்றைய பெயருக்கு மாறியது. ஸ்வான் லேக், கிசெல், ஸ்லீப்பிங் பியூட்டி, நட்கிராக்கர் போன்ற கதை பாலேக்களை அவர்கள் எஸ்பிளனேடில் மேடையேற்றியிருக்கிறார்கள். கதையே இல்லாத, இசைக்கு மட்டும் ஆடும் சிறு ஆக்கங்களையும் ஆடுகிறார்கள். ஃபோர்ட் கேனிங் பூங்காவில் புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சியும் அவர்களுடையதே. ஆனால் அது குடும்பத்தோடு சாப்பாட்டுக் கூடை எடுத்துப்போகிற இடம். தனியாக முதல்முறை போகிறவருக்கு இருட்டான அரங்கமே வசதி.

பலரும் முதலில் ஸ்வான் லேக்கைச் சொல்வார்கள். தவறில்லை. நான் கிசெல்லைச் சொல்வேன். காரணங்கள் மூன்று: நீளம் குறைவு, கதை நேரானது, நம்மவர்களுக்கு அந்தக் கதை அந்நியமே இல்லை.

கிசெல் 1841இல் பாரிஸில் அரங்கேறியது. அடால்ஃப் ஆதாம் இசை. முதல் அங்கம் ஒரு கிராமம். இதயம் பலவீனமான கிசெல் என்ற பெண்ணை, குடியானவன் வேஷத்தில் வந்த பிரபு ஆல்பிரெக்ட் காதலிக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே வேறொருத்தியோடு நிச்சயமாகியிருக்கிறது. கிசெல்மீது ஆசை வைத்த ஹிலாரியன் என்பவன் அந்த வேஷத்தைக் கலைக்கிறான். அவள் புத்தி பேதலித்து, அங்கேயே விழுந்து சாகிறாள். இரண்டாம் அங்கம் நள்ளிரவுக் காடு. கல்யாணத்துக்கு முன் ஏமாற்றப்பட்டுச் செத்த பெண்களின் ஆவிகள் அங்கே உலவுகின்றன. காட்டுக்குள் வரும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைப்பதுதான் அவற்றின் வேலை. மோகினிக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா? ஆல்பிரெக்ட் அவர்களிடம் மாட்டுகிறான். கிசெல், தானும் ஆவியாகிவிட்டவள், விடியும்வரை அவனைக் காப்பாற்ற ஆடுகிறாள். மன்னிப்பதா பழிவாங்குவதா என்ற கேள்விதான் அந்த முழு அங்கமும்.

அதில் ஒரு இடம் வரும், தவறவிடாதீர்கள். ஆவிப் பெண்கள் இரண்டு பக்கங்களிலிருந்தும் வருவார்கள். ஒரு காலைப் பின்னால் நீட்டி, ஊன்றிய காலால் தத்தித் தத்தி மேடையைக் குறுக்கே கடந்து, எதிரெதிர் வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போவார்கள். தாவுதல் கிடையாது, சுழற்சி கிடையாது. கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாதது போல் இருக்கும். ஆனால் அந்தக் காலை அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு, முகத்தில் வலி காட்டாமல், பக்கத்து ஆளின் மூச்சுக்கு மூச்சு சேர்ந்து நகர்வது கூட்டத்தில் ஆடுகிறவர்களுக்குப் பெரிய சோதனை. அரங்கம் அங்கே கைதட்டும். முதல் மாடத்தில் உட்காரச் சொன்னது இதற்குத்தான்.

ஸ்வான் லேக்தான் அமைகிறது என்றால் அதையும் பாருங்கள். 1877இல் மாஸ்கோவில் முதலில் மேடையேறியது. நாம் இன்று பார்க்கும் வடிவத்துக்கு அடிப்படை 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபா, இவானோவ் என்ற நடன அமைப்பாளர்கள் இருவரும் அமைத்தது. இசையமைத்த சைக்கோவ்ஸ்கி அதற்கு முன்பே, 1893இல் இறந்துவிட்டார். அன்னமாக மாற்றப்பட்ட ஒடெட், அவளைப்போல் உருவெடுத்து இளவரசனை ஏமாற்ற வரும் ஒடில், இந்த இரு வேஷங்களையும் வழக்கமாக ஒரே பெண்ணே ஆடுவார். மூன்றாம் அங்கத்தில் ஒடில் ஒற்றைக் காலில் 32 முறை சாட்டைபோல் சுழல்வார். பக்கத்தில் யாராவது உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ணுவது உங்கள் விருப்பம், நான் ஊன்றிய பாதத்தைத்தான் பார்ப்பேன். அது தொடங்கிய இடத்திலேயே நிற்கிறதா, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்கிறதா என்பதில் திறமை தெரிந்துவிடும். முடிவு மட்டும் குழுவுக்குக் குழு மாறும். சிலர் காதலர்களை ஏரியில் மூழ்கடிப்பார்கள், சிலர் மந்திரவாதியைக் கொன்று சேர்த்து வைப்பார்கள்.

கதையை முன்னாலேயே படித்துவிட்டுப் போங்கள். சுவாரசியம் போய்விடுமே என்று நினைக்காதீர்கள். கதை தெரியாமல் யார் தெருக்கூத்துப் பார்க்கப் போனார்கள்? திரௌபதி துகில் உரியப்படுவாள் என்று தெரிந்துதான் விடியவிடிய உட்கார்ந்தார்கள். பாலேயில் வசனமோ பாட்டோ கிடையாது, பரதத்தில் பதம் பாடுவதுபோல் உங்களுக்கு உதவ ஆள் இல்லை. கைச்சாடைகள் உண்டு, அவற்றில் நாலைந்து தெரிந்திருந்தால் போதும். தலைக்கு மேலே இரு கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் நடனம். மோதிர விரலைச் சுட்டினால் கல்யாணம். இரு விரலை உயர்த்தினால் சத்தியம். முகத்தைச் சுற்றிக் கையை வளைத்தால் அழகு. கைமுட்டிகளை மணிக்கட்டில் குறுக்காகச் சேர்த்துக் கீழே இறக்கினால் மரணம். கிசெல்லின் தாய் மகளிடம் "இப்படி ஆடிக்கொண்டே இருந்தால் செத்து அந்த ஆவிகளோடு சேர்வாய்" என்று எச்சரிப்பதை இப்படித்தான் சொல்வாள்.

உங்கள் பெரிய பயம் புரியாமல் போய்விடுமோ என்பது. பரதம் கற்றவருக்கு அது பாதி பலம், பாதி இடைஞ்சல். பலம் என்னவென்றால், அரைமண்டியில் உட்கார்ந்த தொடைக்கு, இடுப்பெலும்பிலிருந்து காலை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். பாலேக்கும் அதுவே அஸ்திவாரம். தாளத்துக்கும் காலுக்கும் உள்ள உறவை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடைஞ்சல், உங்கள் கண் பழக்கத்தில் முகத்தையும் விரல்களையும் தேடும். அங்கே பெரும்பாலும் விஷயம் முகத்தில் இல்லை. கழுத்திலிருந்து முதுகு வழியாக நீட்டிய கால்விரல் நுனி வரை ஒரே கோடாக ஓடுகிறதே, அதில் இருக்கிறது. நம் நடனம் பூமியை மிதித்து அதன்மீது உரிமை கொண்டாடும். பாலே பூமியை மறக்கப் பார்க்கும். முதல் கால்மணி நேரம் உங்களுக்கு "பாவம் எங்கே?" என்று தோன்றினால், அபிநயத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஒரே ஒருவரின் முதுகைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும்.

தரையிறங்குவதையும் கவனியுங்கள். உயரத் தாவுவதைப் பார்த்து எல்லோரும் வியப்பார்கள், நான் சத்தமில்லாமல் கீழே வருபவர்களை மதிப்பேன். சலங்கை இல்லாவிட்டாலும், கால்விரல் நுனியில் நிற்பதற்காகப் பெண்கள் அணியும் முனைக்காலணிகளுக்குத் தனியாக ஒரு ஒலி உண்டு. கீழ்த்தளத்தில் இருந்தால் மென்மையான இசைக்கு நடுவே இருபது ஜோடிக் காலணிகள் தட்தட்டென்று விழுவது நன்றாகவே கேட்கும். அந்தக் காலணிக்குள் மரக்கட்டை வைத்திருக்கிறார்கள் என்று நம்மில் பலர் நம்புகிறோம். கிடையாது. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு அது. வியர்வையிலும் அடியிலும் இளகிவிடும். முதன்மை வேஷம் ஆடுபவருக்கு ஒரே இரவில் ஒரு ஜோடி முடிந்துபோவதும் உண்டு.

கொஞ்சம் விலகிப் பேச அனுமதியுங்கள். "இது நமக்கு என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1838இல் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தேவதாசிப் பெண்கள் சிலரும் வாத்தியக்காரர்களும் பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டு ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே. மூன்று வருடம் கழித்து கிசெல்லின் கதையை அமைத்தவர்களில் ஒருவர் அதே ஆள். 1877இல் பெட்டிபா லா பாயடேர் என்று ஒரு இந்தியக் கோயில் நடனப் பெண்ணின் கதையையே பாலேயாக்கினார். அதில் வரும் இந்தியா அசல் இந்தியா மாதிரி இருக்காது, பார்த்தால் சிரிப்பு வரும் இடங்கள் உண்டு. ஆனால் அதன் பிற்பகுதியில் வெள்ளை உடையில் நிழல்கள் ஒவ்வொருவராகச் சரிவில் இறங்கி வரும் காட்சி மகத்தானது. மறுபக்கம் பாருங்கள், ருக்மிணி தேவி பாலே கற்றவர். ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாதான் அவரை "உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள்" என்று திருப்பிவிட்டார். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. அங்கே பயின்ற நீலா சத்தியலிங்கமும் கணவரும் 1977இல் இங்கே அப்ஸராஸ் ஆர்ட்ஸ் என்ற நடன அமைப்பைத் தொடங்கினார்கள். பாவ்லோவா 1922இல் சிங்கப்பூருக்கே வந்து ஆடியிருக்கிறார். ஆக, நீங்கள் யார் வீட்டுக்கோ அழையாமல் போகவில்லை.

கைதட்டல் பலரைக் குழப்பும். சிம்ஃபனி கச்சேரியில் நடுவில் தட்டினால் திரும்பிப் பார்ப்பார்கள். பாலேயில் தட்டலாம். நாயகனும் நாயகியும் சேர்ந்து ஆடும் பெரிய பகுதிக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் இருவரும் மெதுவாக, பிறகு அவன் தனியாக, பிறகு அவள் தனியாக, கடைசியில் இருவரும் வேகமாக. ஒவ்வொன்றும் முடிந்து அவர்கள் வணங்கும்போது தட்டுவார்கள், நம் சபாவில் தில்லானா முடிந்ததும் தட்டுவதைவிட அதிகமாகவே. தயக்கம் இருந்தால் கூட்டம் தொடங்கட்டும் என்று ஒரு நொடி பொறுங்கள். கிசெல் சாகும் இடத்தில் மட்டும் யாராவது அவசரப்பட்டால் அவர்களோடு சேராதீர்கள்.

உடை பற்றிக் கவலையே வேண்டாம். புடவை கட்டினால் அழகு, சுரிதார் போதும், சுத்தமான கால்சட்டை சட்டையும் சரிதான். உயர்குதி, கவுன் எல்லாம் சினிமாவில்தான். ஒரு சால்வையை மட்டும் மறக்காதீர்கள், குளிர்சாதனம் எலும்பு வரை போகும். காலைத் தரையில் ஊன்றி இரண்டு மணி நேரம் உட்கார வசதியான செருப்பு. வாசனைத் திரவியத்தைக் குறையுங்கள். மல்லிகை வைப்பதானாலும் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், பின்வரிசைக்காரர் பாவம்.

தாமதம் கூடாது. தொடங்கிவிட்டால் பொருத்தமான இடைவெளி வரும்வரை உள்ளே விட மாட்டார்கள், சில சமயம் அது முழு அங்கமாகிவிடும். செங்காங்கிலிருந்து வடகிழக்கு ரயிலில் தோபி காட், அங்கே வட்டப் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிலையம் எஸ்பிளனேட். வழியில்தான் லிட்டில் இந்தியா நிலையம் வருகிறது, தேக்காவில் இறங்கி ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். வெறும் வயிற்றோடு ஆதாமின் இசையைக் கேட்பது கொடுமை. மழையென்றால் சிட்டி ஹால் நிலையத்திலிருந்து நிலத்தடிக் கடைவீதி வழியாகவே நடந்து வந்துவிடலாம்.

உண்மையாகவே சங்கடமான நேரம் ஒன்றுதான்: இடைவேளை. எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்று பேசுவார்கள், உங்கள் கை தானாகக் கைப்பேசியைத் தேடும். பெண்கள் கழிப்பறை வரிசையே அதில் பாதி நேரத்தை விழுங்கிவிடும் என்பது ஆறுதல். மீதி நேரத்தில் கண்ணாடிச் சுவர் வழியாக மரீனா விரிகுடாவைப் பாருங்கள், அல்லது அடுத்த அங்கத்தின் கதையைப் படியுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் தனியாக வந்தவர் என்றால் "முன்னாடியே பார்த்திருக்கீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப்பாருங்கள். பாலே ரசிகர்களுக்குப் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பல்ல. படம் எடுப்பது நிகழ்ச்சி நடக்கும்போது கூடாது. இறுதி வணக்கத்தின்போது அனுமதி உண்டா என்பதைத் தொடக்க அறிவிப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒன்று. ஒரே பாலேயை வார இறுதியில் இரவும் பகலுமாகச் சில காட்சிகள் ஆடுவார்கள், ஆனால் எல்லாக் காட்சியிலும் ஒரே ஆள் நாயகி அல்ல. பிற்பகல் காட்சியில் முதல்முறை அந்த வேஷம் ஏற்கும் இளையவர் ஆடக்கூடும். நான் இளையவரின் முதல் கிசெல்லுக்கு ஓடுகிற ஆள், கொஞ்சம் தடுமாற்றம் இருந்தாலும் உயிர் இருக்கும். தேர்ந்த கை வேண்டும் என்றால் இரவுக் காட்சி. யார் எந்தக் காட்சியில் ஆடுகிறார்கள் என்ற பட்டியலைக் குழு வெளியிடும், அதைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். அத்துடன், நேரடி இசைக்குழு வாசிக்கிறதா, பதிவுசெய்த இசையா என்பதையும் பாருங்கள். இரண்டு காட்சிக்கும் விலை ஒன்றென்றால் இசைக்குழு உள்ள நிகழ்ச்சிக்கே காசு கொடுப்பேன்.